ஆடாமல் உட்கார்ந்தவள்

நான் படமெடுத்த முதல் கல்யாணம் அது. மணப்பெண் என் தோழி. அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தது ஒரேயொரு டியூப்லைட். ஜன்னல் எல்லோருக்கும் முதுகுப் பக்கம். ஃபிளாஷ் போட்டால் முகங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தன. அதை அணைத்துவிட்டு ஷட்டரை மெதுவாக்கினேன். ஆடினால் படம் கலங்கிவிடும், ஆடாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

குடும்பப் படத்துக்கான முன்வரிசையில் தோழி ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டிருந்தாள், அவள் அக்காவுக்காக. பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று வீடே தலைமுழுகிய அக்கா. போன வருடம் செத்துப்போனாள்.

“நல்ல நாள் அதுவுமா இது எதுக்கு? எடுத்துப் போடு” என்றார் அவள் பெரியப்பா.

“அது இருந்தாதான் நானும் இருப்பேன்” என்றாள் தோழி. நாற்காலி இருந்தது.

மறுநாள் எல்லோரும் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்தோம். பெரியப்பா புகையாக இருந்தார். மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு. அந்த நாற்காலியில் மட்டும் அக்கா, இமைமுடிகூடத் தெரியும் தெளிவில், கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பெரியப்பா என்னிடம், “இதை அழிச்சிடலாம்ல?” என்றார்.

“மாட்டேன். நான் சொன்னதைக் கேட்டு ஆடாம உட்கார்ந்தது அவங்க ஒருத்தங்கதான்.”

தோழி அடுத்த படத்தைத் தட்டினாள். பெரியப்பா அந்த நாற்காலியை இழுக்கப் பார்த்து, முடியாமல் நின்றபோது எடுத்தது. அதில் அக்காவும் லேசாகக் கலங்கியிருந்தாள். சிரித்திருக்க வேண்டும்.