பச்சை மைக் கணக்கு

இண்டூரில் மாதா கோயிலும் விவசாயிகள் சங்கமும் பொதுவில் வைத்திருக்கும் சைக்ளோஸ்டைல் அச்சு மெஷின் மேல், கூரை ஓட்டுக் கண்ணாடி வழியே மூன்று மணி வெயில் விழுகிறது. அதன் கைப்பிடியைச் சுற்றி அச்சடித்துவந்த செபாஸ்டின் நெஞ்சுவலியில் திடீரென்று இறந்துபோய் இருபத்தாறு நாள். அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு அறிவிப்பு அடிக்க மனைவி மதலேனம்மாள் வந்திருக்கிறாள்.

"எத்தனைங்கக்கா?" என்கிறான் சங்கத்து முனிராஜ்.

அவள் கூரையைப் பார்த்து யோசிக்கிறாள். "நூத்தம்பது போதுங்க." முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள்.

கணக்கு நோட்டில் எழுதாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது என்பது செபாஸ்டின் போட்ட சட்டம். முனிராஜ் நோட்டைத் திறக்கிறான். கடைசிப் பக்கத்தில், செபாஸ்டினின் சாய்ந்த கையெழுத்தில், பச்சை மையில் இருக்கிறது: 'செபாஸ்டின் முப்பதாம் நாள் பூசை, 150. பணம் கட்டியாச்சு.'

முனிராஜ் அதை இரண்டு தரம் படிக்கிறான். "காசு வேணாங்கக்கா. அவரே கட்டியிருக்காருங்க."

"எங்க வூட்டுக்காரரு யாருக்கும் பாக்கி வைக்க மாட்டாருங்க." எழுத்துத் தெரியாத அவள் நோட்டைத் தடவிப் பார்க்கிறாள். "கீழயும் ஏதோ எழுதியிருக்குதே?"

"அது பழைய கணக்குங்க."

முனிராஜின் உள்ளங்கை அந்த வரியை மூடியிருக்கிறது. அதே பச்சை மையில் அவள் பெயர். முப்பதாம் நாள் பூசை, நூற்றைம்பது. அதற்கும் பணம் கட்டியிருக்கிறது.