முதல் கையெழுத்து

"நாலு நாளா சோறு இறங்கல சார்! இருக்கிற ரெண்டு கோழிக் கொட்டகைக்கே இந்த நாத்தம். இன்னும் ரெண்டு கட்டவிட்டா நாங்க குடும்பத்தோட சாகணும்" என்று பொரிந்து தள்ளினாள் தையல்காரி.

கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியபடி அதிகாரி மனுவைப் புரட்டினார். "முதல் கையெழுத்துப் போட்ட கம்பவுண்டர் எங்கே?"

"என் பக்கத்து வீடுதான், தனியாத்தான் இருக்கார். நாத்தம் தாங்காம மக வீட்டுக்குப் போயிருப்பார். இல்லேன்னா இந்நேரம் முதல் ஆளா வந்து கத்தியிருப்பாரே!"

பண்ணைக்காரர் இரண்டு கொட்டகைக் கதவுகளையும் விரியத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒரு கோழிகூட இல்லை. கழுவிய தரையில் சுண்ணாம்பு காய்ந்து கிடந்தது.

"ஒரு பேட்ச் போனா கழுவிக் காயவிட்டுத்தான் அடுத்த குஞ்சு இறக்குவேன் சார். கோழி போய் இருபது நாளாச்சு. எருவும் அன்னிக்கே லாரியில போயிடுச்சு. நாலு நாளா எனக்கும்தான் குடலைப் புரட்டுது."

காற்று கம்பவுண்டர் வீட்டுப் பக்கமிருந்து வீசியது.

அந்த வீட்டைப் பார்த்த தன் ஜன்னலை நாலு நாளாக இறுக்கிச் சாத்தி, இடுக்கிலெல்லாம் வெட்டுத்துணியைத் திணித்து வைத்திருந்தாள் தையல்காரி.