போர் விமானத்தின் பின் சீட்டு

கிட்டே வாருங்கள், கண்மணிகளே. ஆகாயத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கிற போர் விமானத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். பயம் வேண்டாம், இதில் யாரும் கீழே விழப் போவதில்லை.

“வாப்பா, இப்ப கண்ணத் திறங்க. இதுதான் உங்க அறுபதாவது பிறந்தநாள் பரிசு.”

ரமீஸ் கைப்பேசியை நீட்டினான். திரையில் ஊசி மூக்கோடு ஒரு பழைய போர் விமானம். ஆஸ்திரேலியாவில் காசு கட்டினால் சாதாரண மக்களையும் அதன் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு பறப்பார்களாம்.

ஒலி முகம்மது வாயடைத்துப்போய் நின்றார். ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். ஒவ்வொரு தேசிய தினத்துக்கும் கடை வாசலில் நின்று, தலைக்கு மேல் இரைந்து போகிற விமானங்களைப் பார்த்து, “சாகறதுக்குள்ள ஒரு தடவை அதுல ஏறிடணும்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

“வாப்பாவுக்குப் பேச்சே வரல, பாருங்க உம்மா. அவ்வளவு சந்தோஷம்,” என்றான் ரமீஸ்.

“மேல போய் ஏதாவது ஆச்சுன்னா?” என்று கேட்டாள் ஆமினா பீவி.

“ஒண்ணும் ஆகாது உம்மா. ஆபத்துன்னா அந்த சீட்டே வாப்பாவத் தூக்கி வெளிய எறிஞ்சிடும், பாராசூட்டோட. அதனாலதான் எடை தொண்ணூத்தஞ்சு கிலோவத் தாண்டக் கூடாதுன்னு ரூல். வாப்பா தொண்ணூத்தி மூணுதானே? ஓகே லா.”

தூக்கி எறியும் என்ற சொல் ஆமினாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே அந்தத் தொண்ணூற்றைந்தும்.

மறுநாளே செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துப் பெயிண்ட் கடை பாலகிருஷ்ணன் சும்மா இருப்பாரா?

“பாய், பறக்கறப்ப நம்ம தெருப் பக்கம் கொஞ்சம் தாழ வாங்க. கையாவது காட்டுறோம்.”

“ஆஸ்திரேலியாவுலேருந்து உங்க கடை எங்கய்யா தெரியும்?”

“உங்க கனத்துக்கு விமானம் தானாவே தாழத்தான் வரும் பாய்.”

ஆயுசு பூரா ஆசைப்பட்ட மனிதரிடம் போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆமினா வாயால் சொல்லவில்லை. கரண்டியால் சொன்னாள்.

காலையில் இடியப்பத்தின் மேல் கெட்டித் தேங்காய்ப்பால். மதியத்துக்கு நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் டிபன் கேரியரில் கடைக்குப் போயின. ராத்திரிக்குப் பரோட்டா, அதற்குமேல் பாதாம் பால்.

“இன்னும் கொஞ்சம் வைக்கவா?”

“வை.”

ஒரு நாள்கூட அவர் போதும் என்று சொல்லவில்லை.

“வாப்பா, வயிறு முன்னாடி வருது. டயட் ஆரம்பிங்க லா,” என்றான் ரமீஸ்.

“சும்மா இருடா. புது வாஷிங் மெஷின், சட்டை சுருங்கிப் போச்சு,” என்றாள் ஆமினா.

“உம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார் ஒலி முகம்மது, வாய் நிறையச் சோற்றோடு.

அவர் அப்படிச் சொன்னதே அவளைக் குத்தியது. தொழுகை முடிந்ததும் ஏந்திய கையை இறக்காமல் அழுதாள். ‘யா அல்லாஹ், அவர் ஆசைய நான் தட்டிப் பறிக்கிறேன், மன்னிச்சுடு. ஆனா அவர எனக்கு விட்டுடு.’

இரண்டு மாதம் கழித்து, செராங்கூன் சாலையில் ஒரு கிளினிக்கில் உடல் பரிசோதனை. ஒலி முகம்மது எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்றார். ஆமினா எட்டிப் பார்த்தாள்.

“நூத்தி ஒண்ணு,” என்றாள் நர்ஸ் ரக்ஷனா.

“ஷூவோட நிக்கிறார். கழட்டிட்டுப் பாருங்க, ப்ளீஸ்,” என்று கெஞ்சினான் ரமீஸ்.

“கழட்டலாம். ஆனா அங்கிள் ஷூ ஆறு கிலோ இருக்காதே?”

கழற்றினார். நூறு. இனி ஏற முடியாது என்று ஆகிவிட்டது.

ஆமினாவே ஆடிப்போனாள். தொண்ணூற்றாறு வந்தாலே போதும் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

வெளியே போய் விமானக் கம்பெனிக்குப் பேசிவிட்டு ரமீஸ் எட்டிப் பார்த்தான். “பரவால்ல வாப்பா. காசத் திருப்பிக் கொடுத்துடுவாங்களாம்.”

“அவருக்குப் பதிலா நீ போய் ஏறிடாதடா,” என்றாள் ஆமினா.

“எனக்கு அந்தப் பைத்தியம்லாம் இல்ல, உம்மா,” என்று சொல்லிவிட்டு டாக்சி பிடிக்கப் போனான்.

ஒலி முகம்மது நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதைப் பார்த்ததும் ஆமினாவுக்குத் தாங்கவில்லை.

“அழாதீங்க. உங்க ஆசையக் கெடுத்த பாவி நான்தான். வேணும்னேதான் நெய்ய ஊத்தி ஊத்திப் போட்டேன். என்ன மன்னிச்சிருங்க.”

அவர் கையை எடுத்தார். கண்ணில் ஈரம் இருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் டாக்சிக்கு நின்ற மகன் காதில் விழுந்துவிடாதபடி அவள் பக்கம் சாய்ந்தார்.

“உன் நெய்ச்சோறு மூணு கிலோ ஏத்தியிருக்கும், ஆமினா. மீதிய ஏத்தினது நான். நீ அனுப்புனதத் தின்னு முடிச்ச கையோட தினமும் முனைச் சாப்பாட்டுக் கடையில கறி அடைச்ச முர்தபா ரொட்டி ஒண்ணு, தே தாரிக் டீ ரெண்டு. வேற என்ன செய்யச் சொல்ற? ஏணியில மூணாவது படி ஏறினாலே எனக்குக் கால் நடுங்கும். தெரு பூரா வாய் விட்டுட்டேனே.”

உங்கள் வீட்டிலும் அடுப்பும் சிரிப்பும் ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும், கண்மணிகளே.