விளிம்புவரை தேநீர்

அல்மாட்டி அடுக்குமாடி வீட்டில், மெருயெர்த்தின் மடியில் கிடக்கும் பொமரேனியன் குட்டி அவள் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருக்கிறது. அதை விற்க வந்திருக்கும் குல்யாஷுக்கு அவள் மறுபடி அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றுகிறாள்; விருந்தாளியை இன்னும் இருக்கச் சொல்லும் அளவு அது. ஜன்னல் வெயிலில் குட்டியின் காது சிவந்து தெரிகிறது. "நீ ரயில் வேலைக்குப் போனா வர ஒரு வாரம் ஆகுது. அதுவரைக்கும் இவன் யாரோட இருப்பான்?" என்கிறாள் குல்யாஷ். "பக்கத்து வீட்டுல சொல்லிக்கிறேன்க்கா." "தண்ணி ஊத்திட்டுப் போக இவன் என்ன பூந்தொட்டியாடி?" மெருயெர்த்தின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. நாளைக்கான சீருடை நாற்காலியில் தொங்குகிறது. அவள் கெட்டிலைச் சாய்க்கிறாள். இந்த முறை கிண்ணம் விளிம்புவரை நிறைகிறது. கிளம்பலாம் என்று அர்த்தம். குல்யாஷ் குடித்து முடித்து, தான் கொண்டுவந்த கூடையைத் திறந்து, குட்டியைத் திரும்ப வாங்கக் கை நீட்டுகிறாள். குட்டியைத் தூக்கித் தர வேண்டிய மெருயெர்த்தின் கை, அதன் ரோமத்துக்குள் இன்னும் ஆழமாகப் புதைகிறது.