விளக்கேறிய நண்டு

சேராங்கோட்டைக் கரையில் வெயில் சாய்கிறது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் முதுகில் ஆன்சி உட்காருகிறாள், எழுகிறாள், மறுபடியும் உட்காருகிறாள். பிடித்த பிடியில் போன் வியர்த்துக் கிடக்கிறது. கலங்கரை விளக்கத்தில் ஏறிய குட்டி நண்டைப் பற்றி அவள் எழுதிய சிறுவர் புத்தகம் மூன்று வருசமாகச் சென்னைப் பதிப்பகத்தில் தூங்குகிறது. இன்று சாயங்காலம் கூப்பிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன் அதிர்கிறது. பதறிப் பார்க்கிறாள். எதிர்க்கரை டவர் எட்டும்போதெல்லாம் வரும், இலங்கைக்கு வரவேற்கும் வழக்கமான குறுஞ்செய்தி. "கடலுக்கு அங்கிட்டுருந்து கூப்பிடுறாய்ங்க, இந்த மெட்ராஸ்காரங்களுக்குத்தான் வாயத் தெறக்க முடியல" என்று மணலை எத்துகிறாள்.

பக்கத்தில் வலைக்குவியல் மேல் யார் வீட்டுச் சிறுமியோ, அழும் தம்பியை மடியில் போட்டுக் கதை சொல்கிறாள். "அந்தக் குட்டி நண்டு வெளக்கு மேல ஏறுச்சா, ஏறி அங்கனயே இருந்துக்கிருச்சு." ஆன்சி திடுக்கிட்டுத் திரும்புகிறாள். தன்னிடம் டியூசன் படிக்கும் பிள்ளைகளிடம் அவள் எப்போதோ சொன்ன கதை. காற்றில் வலையின் மிதவைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பொறுக்கமாட்டாமல், "இல்லடி, நண்டு எறங்கி வீட்டுக்கு வந்துரும்" என்கிறாள். சிறுமி அவளை ஏற இறங்கப் பார்க்கிறாள். "ஒங்களுக்கு இந்தக் கதை தெரியாதுக்கா. கடலுக்குப் போன அப்பா நண்டு இன்னும் கரைக்கு வரலைல்ல? அது வர்ற வரைக்கும் குட்டி எறங்காது." தம்பி அழுகையை நிறுத்திக் கடலைப் பார்க்கிறான். ஆன்சியின் கையில் போன் அடிக்கிறது. திரையில் பதிப்பகத்தின் பெயர். அடிக்கிற போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, சிறுமியிடம், "அப்பறம்?" என்கிறாள்.