மல்லாந்து கிடந்தது

அன்று காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இளையவள், தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து வந்த அவளுடைய அக்கா, அக்காவின் கணவரான பேருந்து ஓட்டுநர், கண்ணாடிக் கூண்டுக்குள் மல்லாந்து கிடந்த டரான்டுலா சிலந்தி. நான்காவதையும் ஆள் கணக்கில் சேர்ப்பவள் இளையவள் ஒருத்தியே.

"செத்துடுச்சாடி?"

"கால் அசையுது. சாகல. சாகடிக்கப் பார்த்திருக்காங்க."

மூன்று வாரமாகவே அது அதுவாக இல்லை. நிறம் மங்கிற்று, மூலையை விட்டு நகரவில்லை. இரையாவது எடுக்கிறதே என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். மாலையில் போட்ட சுவர்க்கோழிப் பூச்சி காலையில் கூண்டில் இருக்காது.

இன்று அந்தப் பூச்சிகள் அத்தானின் அலமாரிக்குள்ளிருந்து கத்தின. திறந்தால் ஒரு காபித்தூள் பாட்டில். மூடியில் ஆணித் துளைகள். உள்ளே பத்துப் பன்னிரண்டு, உயிரோடு.

"தினமும் திருடி, அதைப் பட்டினி போட்டிருக்கீங்க. இல்லையா அத்தான்?"

"அதுக்கு ஒண்ணும் போடாதேன்னு நான் சொன்னேனா, இல்லையா?" மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"ரெண்டு வருஷமா 'அந்தப் பூதத்தைத் தூக்கி எறி'ன்னும்தான் சொல்றீங்க. எதைக் கேக்கறது?"

"வாயில்லாத ஜீவன்கிட்டயா உங்க வீரம்?" என்றாள் அக்கா.



"இது செத்தா, ஒரு நாள்கூட இந்த வீட்டுல இருக்க மாட்டேன் அக்கா." இளையவள் தன் மேசையின் பூட்டைத் திறந்து நீண்ட இடுக்கியை எடுத்தாள். புரட்டிவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீராவது குடிக்கும். இடுக்கியைக் கூண்டுக்குள் நீட்டினாள்.

"தொடாதே!"

ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள். ஒன்று அத்தானுடையது. மற்றது, சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடி வீட்டுக் கால்நடை மருத்துவருடையது.

"அது சாகலம்மா, தோலுரிக்குது. இப்போ புரட்டினாத்தான் சாகும். கூண்டுல பூச்சி ஏதாவது இருக்கா?"

"இல்ல..."

"அப்போ பிழைச்சுது. தோலுரிச்ச உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரே ஒரு பூச்சி போதும், உயிரோட கடிச்சே தின்னுடும். உங்க அத்தான் படிக்கட்டுல என்னை நிறுத்தி, 'அது ஏன் டாக்டர் ஒரு மாதிரியா இருக்கு'ன்னு கேட்டப்பவே சொன்னேனே! பூச்சிய எடுத்துடுங்க, ஆனா கையை விடாதீங்க, அது உடம்பு முடியை உதறிடும், பட்டா வாரக்கணக்கா அரிக்கும்னு. இடுக்கியாலதானே எடுத்தாரு?"

இளையவள் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தாள். அந்த மேசைக்கு ஒரே சாவி. அது அவளிடம்தான் இருக்கும்.

அத்தான், தடித்துச் சிவந்திருந்த மணிக்கட்டின் மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனார்.