முதலாளி நீட்டிய கை

இடையில் விட்ட நர்ஸ் வேலைக்குத் திரும்புவது மறுபிறவி எடுப்பதற்குச் சமம் என்பார் ராஜபாளையத்து ஆஸ்பத்திரி முதலாளி வரதராஜ். அப்படிப் பிறக்க வந்த நான்கு பேரும் அரை மணி நேரத்தில் ஓடிப்போனார்கள்.

வேலையை விட்டு ஒன்பது வருடம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஜெயபாய் ஐந்தாவது.

“இந்த வேலைய விட்டா எனக்கு வேற வழியில்ல, சிஸ்டர். அப்படி என்ன டெஸ்ட்டு?”

“மொதலாளி அவிய கையில ரத்தம் எடுக்கணும், அம்புட்டுத்தான்,” என்றாள் தலைமை நர்ஸ் அம்புஜவல்லி, முகத்தைப் பார்க்காமல். “நாலு பேரும் வெளிறிப்போயி வெளிய வந்தாளுவ. உள்ள என்ன நடந்துச்சுன்னு ஒருத்தியும் வாயத் தொறக்கல.”

ஜெயபாய் உள்ளே போனதும் வரதராஜ் கதவைத் தாழிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“கை நடுங்குச்சுன்னா வேலை கெடையாது.”

அவள் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, சிரிஞ்சை எடுத்தாள்.

நாற்காலி சரிந்தது. வரதராஜ் தரையில் கிடந்தார்.

ஜெயபாய் அலறவில்லை. அவர் கால்களை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து நாடி பிடித்தாள். சற்று நேரத்தில் கண் திறந்தவர் முனகினார்.

“நாளைக்கே டூட்டிக்கு வந்துருங்க. வெளிய சொல்லிராதீங்க.”

ஊசியின் மூடியை அவள் இன்னும் கழற்றியிருக்கவில்லை.